நாலாம் மாடி அக்கா

எங்கள் சந்தில் அவளை எல்லோரும் நாலாம் மாடி அக்கா என்றுதான் சொல்வார்கள். குடியிருந்தது என்னவோ தாராவியில், என் வீட்டுக்கு நேர் எதிரே, தெருவை விட அரையடி பள்ளத்தில் இருந்த ஒற்றை அறையில். பம்பாயில் அதற்குக் கோலி என்று பெயர். மழைக்காலத்தில் வாசலில் செங்கல் அடுக்கிச் சாக்கடைத் தண்ணீரை மறிப்பாள். மறித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "அங்க போயிட்டா மழை நமக்குக் கீழதாண்ட்டி பெய்யும், பாத்துக்க" என்பாள்.

'அங்க' என்றால் தாணே. தாணேயில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து, பஸ்ஸும் போகாத இடத்துக்கு நடந்து போனால் ஒரு கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதில் நாலாவது மாடியில் அவர்களுக்கு ஒரு ஃப்ளாட். அண்ணாச்சி, அதாவது அவள் வீட்டுக்காரர், மாட்டுங்காவில் ஒரு கம்பெனியில் டைம் கீப்பர். அவருடைய சேமிப்பு, ஊரில் அவர் பங்குக்கு வந்த வயல், அவளுடைய நகை எல்லாமே அந்த நாலாவது மாடிக்குப் போய்விட்டது. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கல்யாணமாகி அந்தச் சந்துக்கு வந்தபோது அவள் என் பெயரைக் கேட்பதற்கு முன்பே தன் ஹாலின் நீள அகலத்தைச் சொன்னாள். இதென்னடா கிறுக்கு என்று நினைத்தேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி.

ஆனால் ஏன் நாலாவது மாடி என்பதற்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது, அதைக் கேட்டால் கிறுக்கு என்று சொல்ல வாய் வராது. அவள் கோலிக்கு மேலே பலகை அடித்து ஒரு தட்டு போட்டு, வீட்டுச் சொந்தக்காரன் அதை வேறொரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தான். வெளியே ஏணி வைத்து ஏறுவார்கள். அவர்கள் மேலே நடந்தால் இவள் குழம்பில் தூசி விழும். குழந்தை ஒன்றுக்குப் போனால் இவள் பாயில் சொட்டும். பதினைந்து இருபது வருஷம் அப்படியே ஓடியிருக்கிறது. பில்டர் ஆபீஸில் இரண்டாவது மாடி தருகிறோம் என்றுதான் முதலில் சொன்னார்களாம். அண்ணாச்சியும் தலையாட்டிவிட்டாராம். இவள்தான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

"எந்தலைக்கு மேல இனி ஒருத்தர் காலு நடக்கக் கூடாது. ஆக உசரத்துல எது இருக்கோ அதக் குடுன்னு கேளுங்க."

ஆக உசரத்தில் இருந்தது நாலாவது.

அந்த வீட்டில் புதிய சாமான் எல்லாம் உண்டு, புழக்கத்தில் ஒன்றும் கிடையாது. எவர்சில்வர் தட்டுகள் ஒட்டின சீட்டோடு அட்டைப் பெட்டிக்குள் இருக்கும். சாப்பிடுவது ஓரம் நெளிந்த அலுமினியத் தட்டில். ஜமுக்காளம், மெத்தை விரிப்பு, சீலிங் ஃபேன், பால் காய்ச்சுவதற்கென்று ஒரு பாத்திரம், எல்லாம் பரணில் பழைய சேலை சுற்றி இருந்தன. அவள் மகள் ஜெயா டைப்பிங் முடித்து மாட்டுங்காவில் ஒரு ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு எடுத்த நல்ல சேலை கூட மடிப்பு கலையாமல் பரண் பெட்டியில்தான். யாராவது கேட்டால், "அது அங்க உள்ளது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள்.

பில்டர் கொடுத்த வழவழப்பான படம் ஒன்று முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. அதில் கட்டிடம் வெள்ளையாக நிற்கும், கீழே ஒரு கார், ஒரு வெள்ளைக்காரி மாதிரிப் பெண், அவள் கையில் நாய். ஆயுத பூஜைக்கு முருகனுக்கு வைக்கும்போது அந்தக் கட்டிடத்துக்கும் சந்தனம் குங்குமம் வைப்பாள். ஒரு தடவை நாய்க்கும் சேர்த்து வைத்துவிட்டாள் என்று ஜெயா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அக்காவும் சேர்ந்துதான் சிரித்தாள். தன்னைக் கேலி செய்தால் கோபித்துக்கொள்ளத் தெரியாத பொம்பளை அவள்.

நான் வீட்டில் மிஷின் வைத்துச் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பச்சையில் பெரிய பெரிய இலை போட்ட துணியைச் சுருளாகக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். ஜன்னல் திரை தைக்க வேண்டுமாம். அளவு கேட்டேன். ஏழடி என்றாள். தரை வரைக்கும் இறங்குகிற ஜன்னலாம், பிளானில் அப்படித்தான் போட்டிருக்கிறதாம்.

"ஜன்னல வச்ச பொறவு தைப்போமேக்கா. சுவரே இன்னும் எழும்பலையே."

"பொறவு தச்சா முதல் நாளு ஊரே நம்ம வீட்டுக்குள்ள பாக்கும்லா?"

"நாலாம் மாடிய எட்டிப் பாக்க ஊருல எவனுக்குக்கா அவ்வளவு நீளக் கழுத்து இருக்கு?"

"நீ வாயடிக்காம தைட்டி. ஒனக்குப் பேறுகாலம்னா அங்க வச்சிதான் பாக்கப் போறேன். பால்கனில தொட்டில் கட்டிருவோம். காத்து பிச்சுக்கிட்டுப் போகும்."

அந்தப் பால்கனியை அவள் சந்தில் பாதிப் பேருக்குக் கொடுத்திருந்தாள். இளைப்புக்காரக் கிழவருக்கு அங்கே சாய்வு நாற்காலி. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு அங்கே பெஞ்சு. வடகம் காயப்போட இடமில்லை என்று யார் அலுத்துக்கொண்டாலும் அவர்களுக்கும் அங்கே இடம். நான் வாயடித்தேனே தவிர, காலையில் தண்ணீர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பொதுக் கக்கூஸ் வரிசையில் நிற்கும்போது அவள் சொல்வதைக் காதை நீட்டிக் கேட்பேன். "உள்ளேயே இருக்குட்டி. தாழ்ப்பாளப் போட்டுக்கிட்டு எம்புட்டு நேரம் வேணும்னாலும் இருக்கலாம். கதவத் தட்ட ஒருத்தி கிடையாது" என்பாள். கேட்கக் கேட்க இனிக்கும். நானும் நம்பினேன். நம்பாமல் அந்த வரிசையில் எப்படி நிற்பது?

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் மூவரும் சயானில் லோக்கல் ரயில் ஏறிக் கட்டிடம் பார்க்கப் போவார்கள். புளியோதரை, முறுக்கு எல்லாம் உண்டு. கோயிலுக்குப் போவது மாதிரிக் குளித்து முழுகிப் போவார்கள். மூன்று மாடிக்குத் தளம் போட்டிருந்தார்கள். அதற்கு மேலே இரும்புக் கம்பிகள் மட்டும் வானத்தைப் பார்த்து நின்றன. வடக்கத்திக் காவல்காரப் பையாவுக்கு முறுக்கைக் கொடுத்துவிட்டு அக்கா, "சௌத்தா மாலா கப்?" என்று கேட்பாள். நாலாவது மாடி எப்போது என்று. அவனும் முறுக்கைக் கடித்துக்கொண்டு, "தீவாலி தக் ஹோ ஜாயேகா, மாஜி" என்பான், தீபாவளிக்குள் முடிந்துவிடும் என்று. எந்தத் தீபாவளி என்று அவள் கேட்டதில்லை.

ஜெயாவுக்கு ஒரு வரன் வந்தது. செல்வராஜ் என்று பெயர், குர்லாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறான், சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். தாராவியிலேயே சின்னதாக ஒரு ஓட்டு வீடு, அதில் அவனும் அம்மாவும். அவனை ஸ்டேஷனில் போக வரப் பார்த்திருக்கிறேன், தணிந்த பையன். பெண் பார்க்க எப்போது வரலாம் என்று ஆள் விட்டார்கள். அக்கா தன் கோலியைச் சுற்றும் முற்றும் பார்த்தாள். இந்தப் பள்ளத்தில் வைத்து என் பிள்ளையைக் காட்ட மாட்டேன், புது வீட்டுக்கு வரச் சொல்லுங்கள் என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

நிஜமாகவே கூட்டிப் போனாள். செல்வராஜ், அவன் அம்மா, இவர்கள் மூன்று பேர், கேசரித் தூக்குவாளியோடு நான். கைப்பிடி இல்லாத படிக்கட்டில் செல்வராஜின் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்று ஏறினாள். மூன்றாவது மாடித் தளத்தில், பரணிலிருந்து முதல்முதலாக இறங்கிய அந்த ஜமுக்காளத்தை விரித்தோம். மேலே கூரை கிடையாது, வெயில் சுள்ளென்று அடித்தது. ஜெயா பெட்டியில் இருந்த சேலையைக் கட்டிக்கொண்டு, சிமெண்ட் மூட்டைக்குப் பக்கத்தில் நின்று பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாள். அக்கா தலைக்கு மேலே கையைக் காட்டிக் காட்டிப் பேசினாள்.

"அந்தா, காக்கா பறக்குல்லா, அதான் ஹாலு. இந்தப் பக்கம் படுக்கிற ரூமு. சூரியன் இருக்க இடம் அடுக்களை. கிழக்கப் பாத்த அடுப்பு, மயினி."

செல்வராஜின் அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். செல்வராஜ் மேலே பார்த்துவிட்டு, "நல்லாக் காத்து வரும்போல" என்றான். ஜெயா பக்கென்று சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஒத்துப்போய்விட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கேசரி தின்று முடித்ததும் அவன் அம்மா நேராகவே பேசினாள்.

"எனக்குப் பிள்ளையப் பிடிச்சிருக்கு. வீடு வாசல்லாம் நாங்க கேக்கல. எங்க தலைக்கு மேல ஓடு இருக்கு, ரெண்டு பேரு சேந்து உழைச்சா பொழச்சிக்கிடுவாங்க. தை மாசம் வச்சிக்கிடுவமா?"

அண்ணாச்சி வாயைத் திறப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டாள். "ஒரு தீவாளி பொறுங்க மயினி. மொதல்ல இங்க பால் காச்சிருவோம். அந்தப் பந்தலோட தாலியக் கட்டிருவோம். ஓட்டு வீட்டுலேருந்து ஓட்டு வீட்டுக்கு எம் பிள்ளைய அனுப்பவா இம்புட்டுப் பாடு பட்டேன்?"

அந்தக் கடைசி வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். செல்வராஜின் அம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் நல்ல மனுஷி, பொறுத்திருக்கிறோம் என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள்.

தீபாவளி வந்தது. கம்பிகள் துருப்பிடித்து நின்றன. பில்டருக்கும் நிலத்துக்காரனுக்கும் தகராறு என்றார்கள், கோர்ட்டுக்குப் போயிருக்கிறது என்றார்கள். பிறகு பில்டர் ஆபீஸில் பூட்டுத் தொங்கியது. அண்ணாச்சி ஏமாந்தவர்கள் கூட்டத்துக்குப் போய்வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அக்கா மட்டும் ஞாயிறு தவறாமல் போனாள். துணைக்கு ஆள் வராவிட்டால் தனியாகப் போனாள். "கம்பி நிக்குல்லா? முடிக்காம போறவன் கம்பிய விட்டுட்டா போவான்?" என்று எங்களிடமே கேட்டாள்.

அடுத்த தீபாவளிக்கும் முன்பே செல்வராஜின் அம்மா இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள். கடைசியில் அவளே என் வீட்டுக்கு வந்து, அவனுக்கு வயசு ஏறுகிறது, வேறொரு இடம் குதிர்ந்திருக்கிறது, இப்போதும் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் இதையே முடித்துவிடலாம் என்றாள். நான் போட்டது போட்டபடி ஓடி எதிர் வீட்டில் சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். ஜெயா ஆபீஸுக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"பொறுக்க முடியாதவங்க நமக்கு வேண்டாம்" என்றாள் அக்கா. "அந்த ஃப்ளாட்டு மட்டும் வரட்டும். எஞ்சினியரு வருவான் எம் பிள்ளைக்கு."

ஜெயா சீப்பை ஒரு நிமிஷம் தலையிலேயே வைத்திருந்தாள். பிறகு மிச்சத்தையும் வாரிப் பின்னல் போட்டு, "வாரேன் சித்தி" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கக் கூடாதா அந்தப் பெண் என்று எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது. அக்காவின் மேல் அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல, பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள்தான் பதினோராம் நாள் ஒன்றுமே நடக்காதது போல ஒரு கிண்ணத்தில் மீன் குழம்பைக் கொண்டுவந்து வைத்தாள்.

செல்வராஜ் கல்யாணத்துக்கு அண்ணாச்சியும் ஜெயாவும் போய் மொய் எழுதிச் சாப்பிட்டு வந்தார்கள். அக்கா போகவில்லை. அன்றைக்கு முழுக்கப் பரணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எஞ்சினியர் யாரும் வரவில்லை. வந்த ஒன்றிரண்டு பேரும் சொந்தமாக ஃப்ளாட் இருக்கிறதாமே என்று கேட்டு வந்து, விஷயம் தெரிந்ததும் திரும்பிப் போனார்கள். பில்டர் ஒருபோதும் திரும்பவில்லை. ஆனால் அந்தக் கட்டிடத்தில் முதல் மூன்று மாடிக்குப் பணம் கட்டியிருந்தவர்கள் ஒன்று சேர்ந்தார்கள். மூன்றாவது தளத்துக்கு மேலே கான்கிரீட்டைப் போட்டு மூடி, செங்கல் வைத்து, கதவு வைத்து, கையில் இருந்ததைப் போட்டுப் பூசிக் குடி வந்துவிட்டார்கள். நாலாவது மாடிக்காரர்களுக்கு மட்டும் சேருவதற்கு ஒன்றும் இல்லை. அவர்களுடையது இன்னும் காக்கா பறக்கிற இடத்தில்தான் இருந்தது. அவர்களுக்கு வர வேண்டியிருந்த இரண்டாம் மாடியில் யாரோ ஒரு மராத்திக் குடும்பம் துளசி மாடம் வைத்திருக்கிறது என்று அண்ணாச்சி என் வீட்டுக்காரரிடம் சொன்னாராம். அதன் பிறகு அவர் தாணேப் பேச்சையே எடுக்கவில்லை. அக்காவோ, "மூணு மாடில ஆளு வந்தாச்சுல்லா, இனி நம்மது வராம எங்க போவும்" என்றாள்.

எண்பதுகள் முடிகிற சமயம் எங்களுக்கு செம்பூர் திலக் நகரில் ஒரு இடம் கிடைத்தது. ஹவுஸிங் போர்டு கட்டிடத்தில் கீழ்த்தளத்தில் ஒரு அறை, அடுக்களை, உள்ளேயே கக்கூஸ். பால் காய்ச்ச அக்காவைக் கூப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது. கூப்பிடாமல் இருக்கவும் முடியவில்லை. ஜெயாவைக் கூட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்துவிட்டாள், கையில் ஒரு துணி மூட்டை. ஜெயாவுக்கு அப்போது காதோரம் இரண்டொரு நரை கண்டிருந்தது.

வந்ததும் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். கக்கூஸ் கதவைத் திறந்தாள். உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் அவள் வரவில்லை. நல்ல நேரம் போகிறது என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். கதவைத் தட்டப் போன என் பிள்ளையை நான் பிடித்துக்கொண்டேன். முகத்தைக் கழுவிக்கொண்டு, கண் சிவந்து வெளியே வந்தாள். பால் பொங்கியது.

மூட்டையை அவிழ்த்தாள். நான் தைத்த அதே பச்சை இலைத் திரைகள். நாப்தலின் வாடை அடித்தது, ஆனால் சாயம் போகாமல் புதிதாகவே இருந்தன. "ஒன் கையால தச்சது. ஒன் வீட்டுல தொங்கட்டும்" என்றாள். மாட்டிப் பார்த்தோம். என் ஜன்னல் சின்னது, திரை பாதிக்கு மேல் தரையில் குவிந்து கிடந்தது. வெட்டிவிடு என்று அக்கா சொன்னாள். எனக்குக் கை வரவில்லை. ஜெயாதான் என் மிஷின் டிராயரைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்து, குனிந்து, ஒரே நேராக வெட்டினாள்.

அப்போது மேல் வீட்டில் யாரோ நடக்கிற சத்தம் மெல்லக் கேட்டது. அக்கா அண்ணாந்து பார்த்தாள்.

"மேல ஆளு இருக்காங்களா?"

"இருக்காங்கக்கா. இன்னும் மூணு மாடி இருக்குல்லா."

அவள் கையிலிருந்த பால் டம்ளரைப் பார்த்தாள். மறுபடி மேலே பார்த்தாள். டம்ளரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துச் சுற்றிப் பார்த்தாள்.

"ஒரு பொட்டுத் தூசி விழலியேட்டி" என்றாள்.

"கான்கிரீட்டுக்கா அது. பலகையா என்ன, விழுறதுக்கு?"

அவள் அப்படியே அடுக்களைச் சுவரில் சாய்ந்துகொண்டாள். கான்கிரீட் கூரைக்கு அடியில் அவள் ஒரு நாளும் குடியிருந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜெயா காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னாள். "இது எனக்கு அப்பத் தெரியலையே. ரெண்டாம் மாடியே போதும்னு அந்த மனுசன் சொன்னாரே. நாந்தான... ரெண்டாம் மாடின்னா எம் பிள்ளைக்கு அந்தப் பையனயே முடிச்சிருக்கலாம்லா. காத்து வரும்போலன்னு சொன்னானே."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் கழித்து இன்றைக்காவது இறங்கி வந்துவிட்டாளே, இனியாவது அந்தப் பெட்டிகளைத் திறந்து ஒரு நல்ல தட்டில் சோறு தின்பாள் என்று நினைத்தேன். எனக்கு அழுகையும் வந்தது, ஒரு நிம்மதியும் வந்தது.

அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். வெட்டிப் போட்ட துணித் துண்டுகள் தரையில் கிடந்தன. குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து, மடியில் வைத்து நீவி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தாள். சாண் போட்டு அளந்தாள். முகம் தெளிந்துவிட்டது.

"இதுவும் வீணில்லட்டி. அங்க அடுக்களை ஜன்னலு சின்னதுதான, அதுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். ஏ ஜெயா, இதப் பைக்குள்ள பத்திரமா வையி."

ஜெயா கத்தரிக்கோலை டிராயரில் வைத்து மூடினாள். அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரிம்மா" என்று வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.